புதுமைப்பித்தனைத் தின்ற கிருமி

புதுமைப்பித்தன் பேரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. அவர் எதனால் இறந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயருடன் 1906 ஏப்ரல் 25-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா தாசில்தார். நெல்லையில் பி.ஏ. முடித்து, எழுத்தை நம்பிச் சென்னை வந்தார். மணிக்கொடியில் கதைகள், தினமணியிலும் பிறகு தினசரியிலும் வேலை. கடவுளையே சென்னைக்கு வரவழைத்துக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தவருக்கு வீட்டில் பணக்கஷ்டம் மட்டும் தீரவில்லை. சினிமாவுக்குப் போனார். ராஜமுக்தி படத்துக்காகப் புனா சென்றவரைக் காசநோய் சாய்த்துவிட்டது. 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் கண்மூடினார். வயசு 42தான்!

அவர் உடம்பில் காவலே இல்லையா என்று நான் யோசித்ததுண்டு. காவல் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. காற்றில் வரும் கிருமி நுரையீரலின் காற்றுப்பையில் இறங்கியதும், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் அதை முழுங்கிவிடும். வேறு கிருமி என்றால் பெரும்பாலும் உள்ளேயே செரித்துக் கதை முடிந்துவிடும். காசக் கிருமிக்கோ மெழுகுச் சட்டை! செரிக்கும் பை தன்னிடம் வந்து சேராமல் தடுத்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனிலேயே குடித்தனம் நடத்தும் திருடன் மாதிரி அங்கேயே பெருகும்.

விழுங்கு செல் சும்மா இருக்காது. ரசாயன சிக்னல் அனுப்பும். மேலும் பல செல்கள் ஓடிவந்து, கிருமியைச் சுற்றி முடிச்சு மாதிரி கோட்டை கட்டும். சில வாரத்தில் டி-செல்களும் வந்து பலம் சேர்க்கும். அதனால்தான் கிருமி புகுந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. சத்துக்குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி. போன்றவை காவலைத் தளர்த்தினால் கோட்டை உடையும்.

உடைந்தபின் மருந்துதான் துணை. 1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் அவர் இறந்தபோது நம் ஊர் ஏழைக்கு அது எட்டாக்கனி. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்தவர் இருமினால், தூசு இருமல்தான் என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வாரம் தாண்டினால் விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம், ஒருநாளும் நிறுத்தாமல் சாப்பிட்டால் போதும். அந்த மருந்து இருந்திருந்தால் புதுமைப்பித்தன் இன்னும் எத்தனை கதை எழுதியிருப்பாரோ!