கூடாரத்துக் கலெக்டர்

குழந்தைகளே, நீங்கள் அண்ணாமலையைக் கிரிவலம் வந்திருக்கிறீர்களா? செங்கம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து, வலப்பக்கம் திரும்பி, மலையின் பின்பக்கமாகப் போனால் எங்கள் ஊர் அடி அண்ணாமலை வரும். அங்கே திரும்பாமல் நேராகவே போய்க்கொண்டிருந்தால் செங்கம். அதையும் தாண்டினால் மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய். அப்புறம் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை. அந்தச் சீமைக்கு ஒரு காலத்தில் பாராமகால் என்று பெயர். அங்கே 7 ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அவனுடைய அப்பா ஜமாபந்திக்குப் போயிருக்கிறாராம். ஜமாபந்தி என்றால் என்ன தாத்தா என்று கேட்டான். வருடத்துக்கு ஒரு முறை தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்குகளை எல்லாம் மேலதிகாரி சரிபார்ப்பார், அன்று மக்களும் மனு கொடுக்கலாம் என்று சொன்னேன். அதிகாரி எதற்குச் சரிபார்க்க வேண்டும், கணக்கு எழுதியவர் சரியாக எழுதியிருக்க மாட்டாரா என்று அடுத்த கேள்வி கேட்டான். நல்ல கேள்வி! அந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர்தான் நம் கதாநாயகர் சர் தாமஸ் மன்றோ.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி பிறந்தார் மன்றோ. அப்பா புகையிலை வியாபாரி. சின்ன வயதில் வந்த அம்மை நோயால் மன்றோவுக்குக் காது சற்று மந்தமாகிவிட்டது. ஆனால் படிப்பில் ஆர்வம் அதிகம். ஒரு கதைப் புத்தகத்தை அது எழுதப்பட்ட மொழியிலேயே படிக்க வேண்டும் என்பதற்காக, தானாகவே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டாராம். அமெரிக்காவில் சுதந்திரப் போர் மூண்டதும் அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போனது. வேலை தேட வேண்டிய நிலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

அந்த ஆண்டே ஐதர் அலியின் குதிரைப்படை செங்கம் கணவாய் வழியாக இந்தப் பக்கம் பாய்ந்து வந்தது. போர், போர், போர்தான். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் எல்லாம் பஞ்சு மெத்தையில் படுத்திருப்பதாக மன்றோவின் வீட்டில் நினைத்திருந்தார்கள். அவரோ தோட்டாப் பையையோ ஒரு புத்தகத்தையோ தலைக்கு வைத்துத் தரையில் தூங்கினார். அந்தச் சொற்பச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து அப்பாவுக்குப் பணம் அனுப்பினார். ஓய்வு நேரத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தார். அந்தப் படிப்புதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

எப்படி என்கிறீர்களா? 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. வரி வசூலிக்க அதிகாரிகள் வேண்டும். சென்னையில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் மக்களின் மொழி தெரியாது. பக்கத்தில் ஒரு துபாஷியை வைத்துக்கொள்வார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். விவசாயி அழுதுகொண்டே ஒன்று சொல்வான். துபாஷி துரையிடம் வேறொன்று சொல்வான். துரை தலையை ஆட்டுவார். இந்த உத்தியோகஸ்தர்கள் வேண்டாம், மொழி தெரிந்த இராணுவ அதிகாரிகளை அனுப்புகிறேன் என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு முடிவு செய்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் அனுப்பப்பட்டவர்களில் மன்றோவும் ஒருவர். தர்மபுரியில் தங்கி அந்தப் பகுதியை அவர் பார்த்துக்கொண்டார்.

இங்கேதான் சிக்கலே. ஒரு சீமை முழுவதையும் ஒருவர் எப்படிப் பார்ப்பது? மன்றோவுக்குக் கீழே தாசில்தார்கள். அவர்களுக்குக் கீழே ஊர் மணியக்காரர். கூடவே கணக்கு எழுதும் கர்ணம். யாருக்கு எவ்வளவு நிலம், எது நஞ்சை, எது புஞ்சை என்பதெல்லாம் கர்ணத்தின் ஓலையில்தான் இருக்கும். கர்ணம் நினைத்தால் ஏழையின் வரியை ஏற்றலாம், வேண்டியவரின் வரியை இறக்கலாம். மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் துரைக்கு அது எப்படித் தெரியும்?

ரீட்டும் மன்றோவும் மேசையை நம்பவில்லை. வயல் வயலாக அளந்தார்கள். நடுவில் குத்தகைக்காரர்கள் இல்லாமல் ஒவ்வொரு விவசாயிக்கும் நேராகவே வரியை நிர்ணயித்து, அதை எழுதிப் பட்டா கொடுத்தார்கள். இதைத்தான் ரயத்துவாரி முறை என்று உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கிறீர்கள். தான் கட்ட வேண்டியது எவ்வளவு என்று விவசாயிக்கே தெரிந்துவிட்டால், வாங்குபவர் கூடக் கேட்க முடியாது அல்லவா?

1799-இல் தர்மபுரியை விட்டுப் போகும்போது, தான் வளர்த்த தோட்டத்தைப் பிரிய மனமில்லாமல் மன்றோ வருந்தினார். கன்னட நாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1800-இல் பெல்லாரி, கடப்பா பகுதிகளுக்கு வந்தார். அது மிகப் பெரிய நிலப்பரப்பு. எங்கு பார்த்தாலும் ஆயுதம் வைத்திருந்த பாளையக்காரர்கள். அங்கே அவர் பெரும்பாலான நாட்களைக் கூடாரத்தில்தான் கழித்தார். சிப்பாய்க் காவல்கூட இல்லாமல் ஊர் ஊராகப் போவார். மரத்தடியில் ஊர் மக்களைக் கூட்டி, கணக்கை எல்லோர் முன்னாலும் பேசி முடிப்பார். வரி அதிகம் என்று ஒருவர் முறையிட்டால், பக்கத்து ஊர் விவசாயிகளை விட்டே அந்த நிலத்தைப் பார்க்கச் சொல்வார். மண்ணைத் தொட்டதுமே விளைச்சல் சொல்லக்கூடியவர்களை ஏமாற்ற முடியுமா?

நிலம் அளக்கும் கதை இன்னும் சுவையானது. 1802-இல் வேலையைத் தொடங்கியபோது, அளக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் நாலே பேர்தான் இருந்தார்கள். அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கூட்டம் மெதுவாக நூறாக வளர்ந்தது. 33 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்தார்கள். முதலில் மாதச் சம்பளம். வேலை பழகிய பிறகு, அளந்த ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி. வேலை வேகமாக ஓடியது. ஆனால் வேகம் வந்தால் அவசரமும் வரும். வீட்டுப்பாடத்தை ஓட்டமாக எழுதும் உங்களுக்கு இது தெரியாதா என்ன! அதனால் சிலரைத் தலைமை அளவையாளர்களாக வைத்தார் மன்றோ. மற்றவர்கள் அளந்ததில் சிலவற்றை மறுபடி அளந்து பார்ப்பதுதான் அவர்கள் வேலை. 5 ஆண்டுகளில் அந்தப் பெருநிலம் முழுவதும் கணக்குக்குள் வந்துவிட்டது.

ஒரு விஷயம் சொல்கிறேன். நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், எங்கள் பள்ளியைப் பார்வையிட வேண்டிய அதிகாரி ஒருவர் ஊருக்குள் வராமலேயே வந்து பார்த்ததாக எழுதிவிடுவார். ஒழுகும் கூரை அவருடைய குறிப்பேட்டில் ஒழுகவே இல்லை! மழை நாளில் பிள்ளைகளைச் சுவரோரம் ஒதுக்கி உட்கார வைத்துப் பாடம் நடத்தினோம். அதனால்தானோ என்னவோ, மன்றோவின் கூடாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நேரில் பார்த்ததால் இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. வரி மிக அதிகம்! 1807-இல் நாலில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லி எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. அவர் தாய்நாடு போனதும், கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டார்கள். பலர் நொடித்துப்போனார்கள்.

1814-இல் திரும்பி வந்தபோது அவருக்கு வேறு வேலை. நீதிமன்றங்களையும் நிர்வாகத்தையும் ஆராய்ந்து சீர்திருத்த வேண்டும். கோயம்புத்தூர்க் கருவூலத்தில் நடந்த பெரிய மோசடியை விசாரிக்கவும் அவரை அனுப்பினார்கள். அவரோடு இருந்தவர் ஜான் சல்லிவன். ஆமாம், பின்னாளில் ஊட்டியை உருவாக்கினாரே, அவரேதான்.

அரசாங்கப் பணத்தைத் தொடுகிற கைகள் ஏன் கறைபடுகின்றன? மற்ற துரைகள் சொன்ன பதில் சுலபமானது: இந்த நாட்டுக்காரர்களே இப்படித்தான் என்றார்கள். மன்றோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனியின் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் ஒரு காலத்தில் லஞ்சத்திலும் சொந்த வியாபாரத்திலும் ஊறியவர்கள்தான். அவர்களுக்குக் கைநிறையச் சம்பளம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆனால் இந்தியருக்கோ பொறுப்பு மலையளவு, சம்பளம் கடுகளவு. எவ்வளவு திறமை இருந்தாலும் உயர்ந்த பதவிக்குப் போக வழியே இல்லை. முன்னேற வழி இல்லாதவன் எதற்காகப் பேரைக் காப்பாற்றிக்கொள்வான் என்பது மன்றோவின் வாதம். ஒரு பிள்ளையிடம் சாக்பீஸ் பெட்டியைக் கொடுத்து, நீ திருடுவாய் என்று எனக்குத் தெரியும் என்று தினமும் சொல்லிப் பாருங்கள், புரியும்.

1816-இல் வந்த சட்டங்களால், 10 ரூபாய் வரையிலான வழக்குகளை ஊர்த் தலைவரே விசாரிக்கலாம் என்று ஆனது. கிராம முன்சீப் என்ற பேர் அப்படி வந்ததுதான். அதற்கு மேற்பட்ட வழக்குகளுக்கு இந்தியரான மாவட்ட முன்சீப்புகள். 1980-இல் தமிழக அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை எடுத்துவிட்டது. இப்போது கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் பழக்கதோஷத்தில் முன்சீப் என்பார்கள்.

1820-இல் மன்றோ சென்னை மாகாண கவர்னர் ஆனார். ரயத்துவாரி முறை மறுபடி வந்தது. 13 ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்ட அந்த வரிக் குறைப்பும் நடந்தது. அடுத்து, மாகாணத்தில் பள்ளிகள் எத்தனை என்று கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்கள் எண்ணிச் சொன்ன எண்ணிக்கை 12,498. மக்கள் தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைக்கவில்லை. இவ்வளவு குறைவாகக் கொடுத்தால் தகுதியானவர்கள் எப்படி வருவார்கள் என்று 1826-இல் கேட்டார் மன்றோ. மாவட்டத் தலைநகரப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாயும், தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசு தர வேண்டும் என்று திட்டம் போட்டார். ஓய்வு பெற்ற வாத்தியாரான நான் இதைச் சொல்லாமல் விடுவேனா?

அவர் குறையே இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வசூலித்த வரி அந்நியக் கம்பெனியின் பெட்டிக்குத்தான் போனது. குறைத்த பிறகும் அது ஏழைகளுக்குச் சுமைதான். அவருக்குப் பின்னால் வந்த பலர் கூடாரத்தை மடித்து வைத்துவிட்டார்கள். 1855-இல் சென்னையில் ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. வரி கட்டாதவர்களை வெயிலில் குனிந்து நிற்க வைத்தது, விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே நசுக்கியது என்று கீழ்நிலைச் சிப்பந்திகளின் கொடுமைகள் அதில் வெளிவந்தன. மன்றோ தொடங்கிய பள்ளிகளும் 1836-இல் கைவிடப்பட்டன.

வேலையை விட்டு ஊருக்குப் போக அவர் முன்பே அனுமதி கேட்டிருந்தார். பர்மா போர் வந்ததால் தங்க வேண்டியதாயிற்று. 1827-இல், புறப்படுவதற்கு முன் பழைய மக்களை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கடப்பா, பெல்லாரிப் பக்கம் சுற்றுப்பயணம் கிளம்பினார். அப்போது அங்கே காலரா பரவியிருந்தது. கூட வந்தவர்களில் சிலருக்கு நோய் கண்டது. ஜூலை 6-ஆம் தேதி பத்திகொண்டா என்ற ஊரில் மன்றோவையும் பிடித்தது. அன்றிரவே இறந்துபோனார். கூத்தி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். பிறகு 1831-இல் அவருடைய உடலைச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டு வந்தார்கள். பத்திகொண்டாவில் அவர் நினைவாக ஒரு கிணறு வெட்டி, தோப்பும் வைத்தார்கள்.

சென்னைக்குப் போனால், தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலையைப் பாருங்கள். 1839-இல் வைத்தது. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்க அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று சென்னைவாசிகள் கதை சொல்வார்கள். அந்தச் சிலையில் இருப்பவர்தான் தர்மபுரித் தோட்டத்தை விட்டுப் போக மனமில்லாமல் போனவர்.