சட்டைப் பைக்குள் ஒரு சித்திரக்கூடம்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்

நான் முதலாம் ஆண்டு பயின்றபோது எங்கள் வரலாற்றுத் துறையினர் செஞ்சிக்கோட்டைக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். படம் வரைவதில் எனக்குச் சிறு வயது முதலே ஆசை உண்டு. என் தந்தையார் தையற்காரர். பண்டிகைக் காலத்தில் இரவெல்லாம் கண்விழித்துத் தைத்த கூலியில் மிச்சம் பிடித்து, இருபத்து நான்கு வண்ணக் குழாய்கள் கொண்ட பெட்டி ஒன்றை எனக்கு வாங்கித் தந்தார். கோட்டையை வரைந்து கொண்டு வா, கடையில் மாட்டி வைப்போம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பெட்டி, வரைபலகை, பெரிய தாள்கள், தண்ணீர்ப் புட்டி, தூரிகைகள் ஆகிய அனைத்தையும் சுமந்துகொண்டு இராசகிரி மலைப்படிகளில் ஏறினேன். மூச்சு வாங்கியது. நண்பர்கள் முன்னே போய்விட்டனர். ஒருவாறு மேலே சென்று, பலகையைச் சாய்த்து, தாளைப் பொருத்தி, குழாய்களைத் திறந்து முடிப்பதற்குள் காற்று தாளைத் தூக்கியது. கிண்ணத்துத் தண்ணீர் பெட்டிக்குள் கவிழ்ந்தது. அதைத் துடைத்து எடுத்தபோது பேராசிரியர் அனைவரையும் கீழே இறங்கச் சொல்லிவிட்டார். பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த வகுப்புத் தோழனோ, சுற்றுலா அறிவிப்புத் தாளின் பின்புறத்தில் ஒரு துண்டுப் பென்சிலால் கல்யாண மகாலையும், நெற்களஞ்சியத்தையும், மலை விளிம்பையும் கீறி வைத்திருந்தான். அன்றிரவு அப்பா படத்தைக் கேட்டார். வெற்றுத் தாளைத்தான் காட்ட முடிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது.

அந்த வாரமே கல்லூரி நூலகத்தில் ஓவியர் ஒருவரின் வரலாறு கைக்குக் கிடைத்தது. அவரும் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகன். வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகச் சென்று வரைந்தவர். அவர்தாம் ஆங்கில நாட்டு ஓவியர் ஜோசப் மல்லார்ட் வில்லியம் டர்னர். அவர் வரலாறு எனக்கு ஒரு பாடமாயிற்று. அதனை என் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இலண்டன் மாநகரின் கோவென்ட் கார்டன் பகுதியில் ஒரு சிறு சந்து. அங்கே முடி திருத்துவதும் பொய்முடி செய்வதுமாகப் பிழைத்து வந்த ஒருவருக்கு 1775ஆம் ஆண்டில் டர்னர் பிறந்தார். தாயார் மனநோயால் துன்புற்றவர். செல்வமும் இல்லை, வீட்டில் அமைதியும் இல்லை. ஆனால் மகனின் கைத்திறனைக் கண்டறியும் கண் அந்தத் தந்தைக்கு இருந்தது. மகன் வரைந்த சிறு படங்களைத் தம் கடையிலேயே தொங்கவிட்டு, வருவோரிடம் சில ஷில்லிங்குகளுக்கு விற்றார். தம் மகன் ஓவியனாகப் போகிறான் என்று அவர்களிடம் பெருமையோடு சொல்லி மகிழ்ந்தார்.

1789இல், பதினான்கு வயதில், டர்னர் இராயல் அகாதெமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதன் கண்காட்சியில் அவருடைய நீர்வண்ண ஓவியம் ஒன்று இடம்பெற்றது. ஆயினும் வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டியிருந்தது. கட்டட வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டினார். மன்றோ என்னும் மருத்துவரின் இல்லத்தில், மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, பிறர் ஓவியங்களைப் பார்த்துப் படி எடுத்தார். கெர்ட்டின் என்ற மற்றோர் இளைஞர் கோட்டுருவம் வரைவார். டர்னர் அதற்கு வண்ணச் சாயல் கொடுப்பார். ஓர் இரவுக்கு மூன்றரை ஷில்லிங் கூலி. கண்ணும் கையும் ஒன்றாகப் பழகியது அந்த விளக்கொளியில்தான். பிற்காலத்தில் ஒரு பென்சிலே அவருக்குப் போதுமானதாக இருந்ததற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கோடை வந்தால் டர்னர் இலண்டனில் தங்கமாட்டார். பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். வேல்சு நாட்டு மலைகள், வட இங்கிலாந்தின் இடிந்த மடாலயங்கள், ஸ்காட்லாந்தின் ஏரிகள் ஆகியவற்றையெல்லாம் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றினார். நாள் ஒன்றுக்கு இருபது மைலுக்கு மேலும் நடப்பார் என்பர். அவ்வளவு தூரம் நடப்பவன் தோளில் எவ்வளவு சுமக்க முடியும்? இராசகிரிப் படிகளில் நான் காலந்தாழ்ந்து கற்றதை அவர் முதல் பயணங்களிலேயே கற்றிருக்க வேண்டும்.

அவர் பயணத்திற்குத் தேர்ந்தெடுத்த பொருள்கள் மிகச் சில. முதலாவது பென்சில். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த பென்சில் கரி அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. போரினால் அது பிரான்சுக்குக் கிடைக்காமல் போகவே, கரித்தூளைக் களிமண்ணுடன் கலந்து சுடும் முறையை 1795இல் கோன்டே என்பவர் அங்கே கண்டுபிடித்தார். இன்று நாம் கடையில் வாங்கும் பென்சில் அம்முறையின் வழிவந்ததே. இரண்டாவது, சட்டைப் பையில் அடங்கும் சிறு குறிப்பேடு. பிற்காலத்தில் அவர் மெல்லிய அட்டையிட்ட ஏடுகளை விரும்பினார்; அவற்றைச் சுருட்டிப் பையில் செருகிக்கொள்ளலாம். மூன்றாவது வண்ணம். அந்நாளில் நீர்வண்ணம் கெட்டியான சிறு கட்டிகளாக விற்கப்பட்டது. பழைய பஞ்சாங்கம் ஒன்றின் தோலட்டையை எடுத்து, அதன் உட்புறத்தில் வண்ணக்கட்டிகளை ஒட்டி, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும்படி ஒரு வண்ணப் பெட்டியைத் தாமே செய்துகொண்டார். சிறந்த ஓவியரின் வண்ணப் பெட்டி ஒரு பழைய பஞ்சாங்கத்தின் அட்டை! இருபத்து நான்கு குழாய்களோடு மலையேறிய நான் இதைப் படித்தபோது எவ்வளவு நாணியிருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள்.

தாளிலும் அவருக்கு ஒரு சூழ்ச்சித்திறன் உண்டு. புறப்படும் முன்பே சில தாள்களில் சாம்பல் நிறத்தைப் பூசிக் காயவைத்துக்கொள்வார். நிழலுக்குப் பென்சில், ஒளி வேண்டிய இடத்தில் பூச்சைச் சுரண்டினால் கீழிருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். சுரண்டுவதற்குக் கத்தி எதற்கு? கட்டைவிரல் நகத்தையே நீளமாக வளர்த்து வைத்திருந்தாராம். பிரெஞ்சு நாட்டு ஆறுகளை வரைந்தபோது நீல நிறத் தாள்களைக் கிழித்துச் சிறு துண்டுகளாக்கிக்கொண்டார். வானுக்கும் நீருக்கும் பாதி வேலையைத் தாளின் நிறமே செய்துவிட்டது.

1802இல், இருபத்தாறாவது வயதில், இராயல் அகாதெமியின் முழு உறுப்பினர் ஆனார். அவ்வாண்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே சிறிது காலம் அமைதி நிலவியது. அதைப் பயன்படுத்திக்கொண்டு முதன்முறையாகக் கடல் கடந்து சென்று, ஆல்ப்ஸ் மலையைக் கண்டார். பாரிசில் லூவர் கூடத்து ஓவியங்களையும் ஆராய்ந்தார். திரும்பும்போது நானூற்றுக்கும் மேற்பட்ட வரைவுகள் அவரிடம் இருந்தன. அடுத்த ஆண்டே மீண்டும் போர் மூண்டது. பல ஆண்டுகள் ஐரோப்பாவின் கதவு அடைபட்டுக் கிடந்தது. அந்தக் காலத்தில் உள்நாட்டிலேயே பயணம் செய்தார்.

1810ஆம் ஆண்டு. யார்க்‌ஷயரில் ஃபாக்ஸ் என்னும் நண்பரின் மாளிகையில் டர்னர் தங்கியிருந்தார். திடீரென்று குன்றுகளின் மேல் இடியும் மின்னலும் சூழ்ந்தன. குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. கையில் இருந்த ஒரு கடிதத்தின் பின்புறத்தில் மேகங்களின் உருவத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டார். அருகே நின்ற நண்பரின் மகனிடம், இரண்டு ஆண்டுகளில் இப்புயலை வேறு பெயரில் காண்பாய் என்று சொன்னாராம். அவ்வாறே 1812இல், ஆனிபால் தன் படையுடன் ஆல்ப்ஸைக் கடக்கும் மாபெரும் ஓவியம் கண்காட்சிக்கு வந்தது. கார்த்தேஜின் படையை விழுங்க வரும் அந்த வானம் ஒரு கடிதத்தின் முதுகில் பிறந்தது! என் தோழனின் சுற்றுலா அறிவிப்புத் தாள் அப்போது என் நினைவுக்கு வந்தது.

எண்ணெய் வண்ணத்தை அவர் வெளியிடத்தில் முயலவே இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். முயன்றார். 1813இல் டெவன் பகுதியில் சுற்றியபோது, உள்ளூர் ஓவியர் ஒருவர் அவருக்காகக் கைப்பெட்டி ஒன்றைத் தயார் செய்து கொடுத்தார். அதைக் கொண்டு விரைந்து சில படங்களும் வரைந்தார். ஆனால் அதுவே அவர் வழக்கமாகிவிடவில்லை. 1819இல் இத்தாலியில் இருந்தபோது, வெளியில் அமர்ந்து வண்ணம் தீட்டினால் நேரம் வீணாகும், ஒரு வண்ணப் படத்துக்கு ஆகும் பொழுதில் பதினைந்து பதினாறு பென்சில் வரைவுகள் செய்துவிடலாம் என்பது அவர் கருத்தாக இருந்தது. அந்தப் பயணத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளை நிரப்பினார். கோட்டின் அருகே நிறத்தின் பெயரைச் சில சொற்களில் குறித்து வைப்பார். மீதியை நினைவு பார்த்துக்கொள்ளும். 1820 சனவரியில் ஆல்ப்ஸின் மான் செனி கணவாயில் அவர் வந்த வண்டி பனியில் கவிழ்ந்தது. அதையும் அவர் ஓவியமாக்கிவிட்டார்.

என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது 1817ஆம் ஆண்டு நிகழ்ச்சி. போர் ஓய்ந்தபின் டர்னர் வாட்டர்லூ போர்க்களத்தையும் ரைன் ஆற்றங்கரையையும் காணச் சென்றார். அப்பயணத்தில் அவருடைய பை ஒன்று தொலைந்துபோயிற்று. தொலைந்தவற்றின் பட்டியலைத் தம் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்: மூன்று சட்டைகள், சவரக் கத்தி, ஒரு சோடிக் காலுறை, கழுத்துப் பட்டிகள், குடையின் முனைப்பூண், வழிகாட்டி நூல், அரை டஜன் பென்சில்கள், ஒரு வண்ணப் பெட்டி. வேறொருவராயின் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் கண்டு வரைந்தவை வேறு சிறு ஏடுகளில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கொண்டே ரைன் ஆற்றைப் பற்றிச் சுமார் ஐம்பது வண்ண ஓவியங்களைத் தீட்டினார். நண்பர் ஃபாக்ஸ் அனைத்தையும் வாங்கிக்கொண்டார். வண்ணப் பெட்டி போனது. ரைன் ஆறு போகவில்லை. என் கதையோ நேர்மாறு. பெட்டியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செஞ்சியை மலைமேலேயே விட்டுவந்தேன்.

டர்னரிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணைக் கவர்ந்தால் போதும் என்று, விரைவில் வெளுக்கும் சில வண்ணங்களையும் அவர் பயன்படுத்தினார். அதனால் அவருடைய சில ஓவியங்களில் சிவப்பு மங்கிவிட்டது. ஆனால் தாளில் அவர் சிக்கனம் பார்த்து மட்டமானதைத் தேடவில்லை. வாட்மேன் ஆலையின் உயர்ந்த தாளையே மிகுதியும் பயன்படுத்தினார். இரண்டு நூற்றாண்டு கடந்தும் அந்த ஏடுகள் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எளிமை வேறு, மட்டம் வேறு. பொருள்கள் சிலவாக இருக்கட்டும். அச்சில நல்லவையாக இருக்கட்டும். பயணம் போகும் மாணவருக்கு இரண்டு மென்மையான பென்சில், கோடு போடாத கெட்டித் தாளில் ஒரு கையேடு, நான்கைந்து வண்ணக்கட்டி, ஒரு தூரிகை போதும். நின்றபடியே வெளியே எடுக்க முடியாத பொருள் வீட்டிலேயே இருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வரையப் பழகாத நான் பெட்டி பெரிதானால் படம் பெரிதாகும் என்று நம்பினேன்.

டர்னர் புகழும் பொருளும் பெற்ற பிறகு அவர் தந்தை முடி திருத்தும் தொழிலை விட்டுவிட்டு மகனுடன் வந்து வாழ்ந்தார். மகனுக்காகத் துணிகளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார். முடிந்த படங்களுக்கு மெருகெண்ணெய் பூசுவார். டர்னரின் படங்களைத் தொடங்குபவரும் முடிப்பவரும் அவர் தந்தையே என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்களாம். 1829இல் தந்தை மறைந்தபோது டர்னர் பெரிதும் உடைந்துபோனார். 1851 டிசம்பர் 19ஆம் நாள் அவரும் மறைந்தார். இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நாட்டுக்கு அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் சுமார் முந்நூறு குறிப்பேடுகள் இருந்தன. நீர்வண்ணங்களும் வரைவுகளும் பல்லாயிரம். 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட இருபது பவுன் நோட்டில் அந்த முடி திருத்துபவரின் மகன் இன்று நம்மைப் பார்க்கிறார்.

இந்தக் கதையை ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு கையேடு இருந்தது. கோடு போடாத தாள்களை மடித்து, தடித்த நூலால் நடுவில் தைத்து, மிச்சக் காக்கித் துணியில் உறை போட்டு, பக்கத்தில் இரண்டு பென்சில் செருகச் சிறு பையும் வைத்திருந்தார். சென்ற ஆண்டு துறையினர் தரங்கம்பாடிக்குச் சென்றபோது அதை மட்டும் எடுத்துச் சென்றேன். அன்று மாலைக்குள் பதினோரு படங்கள். அவற்றில் ஐந்து தேறவில்லை, மூன்று சுமார், மூன்று எனக்கே பிடித்தன. அந்த மூன்றில் ஒன்று, கடலோரத்துக் கோட்டைச் சுவர், இப்போது அப்பாவின் கடையில் அளவு நாடா தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சட்டைக்கு அளவு கொடுக்க வருபவர்களிடம் அவர் அதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் கோவென்ட் கார்டன் கடையில் அன்று என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.