காவடிச் சிந்து தந்த கவிஞர்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் செல்லும் சாலையில் பனவடலிசத்திரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரைச் சூழ்ந்த பகுதி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விளைவு உண்டு; பொய்த்தால் வறட்சியே. இத்தகைய நிலத்தில் உழுது வாழும் மக்கள், பயிர் செழிக்கவும் பிணி தீரவும் முருகனை வேண்டிக் காவடி எடுப்பது வழக்கம். தோளிற் காவடியும் வாயிற் பாட்டுமாக அவர்கள் கழுகுமலையை நோக்கி நடப்பர். வழிநடைக் களைப்பைப் போக்கிய அப்பாட்டுக்கு இலக்கியத்தில் நிலையான இடம் தேடித் தந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே, கரிவலம்வந்தநல்லூரை அடுத்துள்ள சிற்றூர் சென்னிகுளம். அவ்வூரில் 1865ஆம் ஆண்டில் வேளாண்குடி ஒன்றில் அண்ணாமலையார் பிறந்தார். தந்தையார் சென்னவ ரெட்டியார். மகன் ஏரும் கலப்பையும் கொண்டு குடும்பத் தொழிலைக் காக்க வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். மகனது உள்ளமோ ஏட்டுச் சுவடிகளையே நாடியது. உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் வயலை விட்டுப் பாட்டைப் பற்றிக்கொள்வது அந்நாளில் எளிய செயலன்று. உண்ண உணவும் படிக்க நூலும் பிறரை நாடியே பெறவேண்டிய நிலை அவனுக்கு உண்டாகும். எனினும் அண்ணாமலையார் கல்வியையே தேர்ந்துகொண்டார்.

ஊர்த் திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்த பின்னர், அவர் சேற்றூருக்குச் சென்று, அங்கிருந்த முகவூர் இராமசாமிக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். அதன்பின் சோழநாடு சென்று திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்தார். தமிழ்ப் புலவர்களைப் போற்றிப் புரந்த சுப்பிரமணிய தேசிகர் அப்பொழுது அதன் தலைவராக விளங்கினார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற உ. வே. சாமிநாதையரிடமும் அண்ணாமலையார் பாடங் கேட்டார்.

பின்னர்த் தம் நாட்டிற்குத் திரும்பிய இளங்கவிஞருக்குப் புகலளித்தவர் ஊற்றுமலைச் சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். அவர் தமிழ்ச் சுவை அறிந்தவர். புலவர்களின் வறுமையைத் தீர்க்கும் வள்ளல். வீரகேரளம்புதூரில் இருந்த அவரது அவையில் அண்ணாமலையார் இடம்பெற்றார். அங்கே வாழ்ந்த காலத்தில், அவ்வூரில் எழுந்தருளிய நவநீத கிருஷ்ணன் மீதும் பாடினார். சங்கரன்கோவில் இறைவன் மீது திரிபந்தாதியும், கரிவலம்வந்தநல்லூர் மீது கருவை மும்மணிக்கோவையும் இயற்றினார். திரிபு என்பது, அடிதோறும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அடுத்துவரும் எழுத்துகள் ஒன்றிவந்து பொருள் வேறுபட அமைவது. ஆழ்ந்த சொல்லறிவு இல்லாதார் அதனைப் பாட இயலாது.

இத்தகைய புலமை வாய்ந்தவர் சிந்து பாட முன்வந்ததே வியப்பிற்குரியது. சிந்து பாமரர் நாவில் வழங்கிய இசைப்பாட்டு. கற்றோர் பலர் அதனைப் பெரிதாக மதித்திலர். சமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, அண்ணாமலையாரும் உடன் நடந்து இப்பாடல்களைப் பாடினார் என்பர். காவடி எடுப்போர் அடிமேல் அடிவைத்து ஆடிச் செல்வர். அந்நடைக்கேற்பச் சொற்களும் துள்ளி நடந்தன. எதுகையும் மோனையும் இயைபும் ஒன்றையொன்று தொடர்ந்தன. கோயிலின் சிறப்பு, மலையின் வளம், முருகன் மீது காதல் கொண்ட தலைவியின் துயர் ஆகியன அவற்றிற் பொருளாயின. எழுத்தறியாத உழவரும் கேட்டவுடன் மனத்திற் கொள்ளுமாறு அவை அமைந்தன. கற்ற கல்வியை எல்லாம் அவர் அந்த எளிய பாட்டிலே கொண்டுவந்து சேர்த்தார்.

ஆனால் காலம் அவருக்கு இரங்கவில்லை. இளமையிலேயே நோய் அவரைப் பற்றியது. மருந்துகள் பயன் தரவில்லை. 1891ஆம் ஆண்டில், ஏறத்தாழ 26 வயதில், அண்ணாமலையார் மறைந்தார். ஆங்கிலக் கவிஞர் கீட்சும் இவ்வாறே 1821ஆம் ஆண்டில் தமது 25ஆம் வயதில் நோயால் இறந்தார். கழுகுமலையில் ஒரே பாறையிற் குடையப்பெற்ற வெட்டுவான் கோயில், முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. எனினும் காண்போர் அதன் அழகைப் போற்றாமல் செல்வதில்லை. அம்மலையைப் பாடிய கவிஞரின் வாழ்வும் அத்தகையதே.

கழுகுமலை அந்நாளில் எட்டயபுரம் சமீனைச் சேர்ந்திருந்தது. அண்ணாமலையார் மறைந்தபோது, 1882ஆம் ஆண்டில் எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார் சிறுவராக இருந்தார். பிற்காலத்தில் பாரதியாரும் சிந்து வகைகளை விரும்பிக் கையாண்டு, நாட்டு மக்களின் உள்ளத்தைத் தொட்டார். சிந்து இழிந்த பாட்டன்று என்பதை அண்ணாமலையார் முன்னரே மெய்ப்பித்திருந்தார்.

அவருடைய திரிபந்தாதியைக் கற்றோர் சிலரே அறிவர். காவடிச் சிந்தோ இசையரங்குகளிலும் திருவிழாக்களிலும் இன்றும் ஒலிக்கின்றது. வயலை விட்டுப் போன மகன் வெறுங்கையுடன் திரும்பவில்லை. வயலில் உழைத்த மக்களுக்கே தன் பாட்டைத் தந்து சென்றான். கற்ற கல்வி பிறர் சுமையைக் குறைக்குமாயின், அதனினும் சிறந்த பயன் வேறில்லை.