நரம்பணுவைக் கண்ட நல்லறிஞர் – சாந்தியாகோ ரமோன் இ கஹால்

கைவிரலில் கத்தி பட்டால் இரண்டொரு வாரத்தில் புண் ஆறிப் புதுத்தோல் மூடிவிடுகிறது. முறிந்த எலும்பும் கட்டுப்போட்டால் கூடிவிடுகிறது. ஆனால் மூளையில் பலத்த காயம் பட்டோரும், முதுகுத் தண்டுவடம் அறுபட்டுக் கால் விளங்காமற் போனோரும் முழுமையாகப் பழைய நிலைக்கு மீளுவது அரிது. இவ்வேறுபாடு ஏன் என்னும் வினாவோடு ஆண்டுக்கணக்கில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். காயம்பட்ட மூளையைக் காக்கும் இயற்கைப் புரதங்களைப் பற்றி இன்று அறிவியல் உலகம் பேசுகிறது. அப்புரதங்களைக் கண்ணால் காணாமலேயே, அத்தகைய பொருள்கள் இருத்தல் வேண்டும் என்று உய்த்துணர்ந்த அவருடைய வாழ்வு நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

இளமை

கஹால் 1852ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் பெட்டில்லா என்னும் மலைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தம் சொந்த முயற்சியால் படிப்படியாக உயர்ந்து மருத்துவரானவர், கண்டிப்பு மிக்கவர். மகனுக்கோ ஓவியத்தில் தீராத வேட்கை. ஓவியம் சோறு போடாது என்பது தந்தையின் முடிவு. பள்ளியில் அடங்காத பிள்ளையை முடிதிருத்துபவரிடமும், பின்னர் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டுப் பார்த்தார். பதினோராம் வயதில் தாமே செய்த பீரங்கியால் அண்டை வீட்டாரின் கதவைத் தகர்த்துச் சிலநாள் சிறையிருந்த சிறுவன் அவர்!

1868ஆம் ஆண்டுக் கோடையில் தந்தை ஒரு வழி கண்டார். மகனை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே கிடைத்த மனித எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரைய வரைய மகனின் மனம் மருத்துவத்தில் படிந்தது. தந்தை தடுத்த ஓவியமே மகனை அவர் விரும்பிய துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

1873இல் சரகோசா நகரில் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், படை மருத்துவராகக் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே மலேரியாவால் நலிந்து 1875இல் தாயகம் திரும்பினார். படையில் ஈட்டிய ஊதியத்தின் சேமிப்பு ஒரு நுண்ணோக்கியாயிற்று. 1878இல் காசநோய் தாக்கியது, அதிலிருந்தும் மீண்டார். 1879இல் சில்வேரியாவை மணந்தார். எழுவர் மக்கள் பிறந்தனர்.

கறுப்பில் தெரிந்த உண்மை

1885இல் வலென்சியா நகரில் காலரா பரவியபோது அந்நோயை அவர் ஆராய்ந்தார். அப்பணிக்காகச் சரகோசா மாகாண ஆட்சியினர் அவருக்கு உயர்ந்த சைஸ் நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தனர். 1887இல் மாட்ரிட் நகரில் நண்பர் சிமாரோ, இத்தாலிய அறிஞர் கோல்ஜியின் முறைப்படி வெள்ளி உப்பால் நிறமூட்டிய மூளைச் சீவல்களைக் காட்டினார். நூற்றுக்கணக்கான அணுக்களுள் ஒரு சில மட்டும் கிளையும் வேருமாகக் கரிய நிறத்தில் முழுமையாகத் தெரிந்தன. கஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். வளர்ந்த மூளையின் அடர்காட்டை விடுத்து, கருவிலும் இளமையிலும் உள்ள உயிர்களின் மூளையை ஆராய்ந்தார்.

நரம்பு மண்டலம் முழுவதும் ஒட்டிப் பிணைந்த ஒரே வலை என்பது கோல்ஜி உள்ளிட்ட பலரின் கருத்து. அவ்வாறன்று, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்து நின்று மற்றதை அணுகி மட்டுமே செய்தி தருகிறது என்று 1888இல் கஹால் எழுதினார். இதற்கெனத் தம் செலவில் ஓர் இதழையே தொடங்கி, 60 படிகள் அச்சிட்டு அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். 1889இல் நுண்ணோக்கியையும் சீவல்களையும் சுமந்துகொண்டு பெர்லின் மாநாட்டுக்குச் சென்றார். அங்கே கண்ணாரக் கண்ட முதுபேரறிஞர் கோலிக்கர் அவருடைய ஆதரவாளரானார். 1906இல் நோபெல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. பரிசு பெற்ற மேடையிலும் கோல்ஜி நரம்பணுக் கொள்கையை மறுத்தே பேசினார் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

அறுந்த நரம்பும் மறைந்த பொருளும்

பரிசோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. நரம்பை அறுத்தால் என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்ந்தார். கை கால்களில் உள்ள நரம்பு அறுந்தால், துண்டிக்கப்பட்ட மறுபகுதி மடிகிறது. ஆனால் அணுவோடு ஒட்டியிருக்கும் பகுதியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பி, வடுவைக் கடந்து, பழைய பாதையைத் தேடிச் செல்கின்றன. வழியிலுள்ள உறையணுக்கள் ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்து அவற்றை ஈர்க்கின்றன என்று அவர் கருதினார். வளரும் நரம்பிழைகள் வேதி ஈர்ப்பால் வழி காண்கின்றன என்னும் கருத்தை அவர் 1892லேயே வெளியிட்டிருந்தார்.

மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட காட்சி வேறு. அங்கும் தளிர்கள் அரும்பின. ஆனால் சிறிது தூரம் சென்று வாடிப்போயின. முளைக்கும் ஆற்றல் விதையில் இருக்கிறது, மண்ணில்தான் ஊட்டமில்லை என்பது இதன் பொருளன்றோ? அவருடைய மாணவர் தெல்யோ, முயலின் மூளையில் வெளிநரம்பின் துண்டு ஒன்றை ஒட்டவைத்துப் பார்த்தார். மூளையின் இழைகள் அத்துண்டுக்குள் வளர்ந்து சென்றன! இச்செய்தி 1911இல் வெளிவந்தது.

இவ்வாராய்ச்சிகள் எல்லாம் 1913, 1914ஆம் ஆண்டுகளில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. அர்ஜென்டினாவில் வாழ்ந்த ஸ்பானிய மருத்துவர்கள் அச்சுச் செலவுக்குப் பொருளுதவினர். முதிர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை, அழிந்தால் மீளாதவை என்று அந்நூலில் அவர் வருந்தி எழுதினார். அக்கடுமையான விதியை முடிந்தால் மாற்றுவது வருங்கால அறிவியலின் கடமை என்றும் உடனே சேர்த்து எழுதினார். பின்வந்தோர் பலர் முதற்பகுதியையே வேதவாக்காகக் கொண்டு, இரண்டாம் பகுதியை மறந்தனர். 1934 அக்டோபர் 17இல் கஹால் மாட்ரிடில் மறைந்தபோது, அவர் தேடிய பொருள் கிடைத்திருக்கவில்லை.

தேடியது கிடைத்தது

1950களின் தொடக்கத்தில் ரீட்டா லெவி மோன்டால்சினி என்னும் இத்தாலியப் பெண்மணி, நரம்பிழைகளைச் செழிக்கச் செய்யும் பொருளொன்றைக் கண்டறிந்தார். அது ஒரு புரதம் என்று ஸ்டான்லி கோஹன் நிறுவினார். நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்பட்ட அதற்காக இருவரும் 1986இல் நோபெல் பரிசு பெற்றனர். 1982இல் பார்டேயும் அவருடைய குழுவினரும் மூளையிலேயே இத்தகைய இன்னொரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். ஒன்றரைக் கிலோ பன்றி மூளையிலிருந்து கிடைத்தது ஒரு மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! அதற்குமுன் 1981இல் கனடாவில் அகுவாயோ குழுவினர் தெல்யோவின் சோதனையைப் புதுமுறையில் செய்து, எலியின் தண்டுவட இழைகள் ஒட்டிய நரம்பின் வழியே சுமார் மூன்று சென்டிமீட்டர் வளர்வதைக் காட்டினர்.

மூளையில் அடிபட்டால் அடிபட்ட கணத்தில் மடியும் அணுக்கள் ஒருபுறமிருக்க, அடுத்த மணிகளிலும் நாட்களிலும் மேலும் பல அணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. இப்புரதங்கள் நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்தி, அத்தற்கொலை ஆணையைத் தடுக்கின்றன; எஞ்சிய அணுக்கள் புதிய தொடர்புகளை ஏற்படுத்தவும் துணை நிற்கின்றன.

ஆயினும் இவற்றை மருந்தாக்குவது எளிதாக இல்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையை இப்பெரிய மூலக்கூறுகள் எளிதில் கடப்பதில்லை. ஊட்டக்குறை மட்டுமன்றி, நரம்புறையில் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதும் பின்னர் தெரியவந்தது. எனினும் 2018இல் அமெரிக்காவில் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொண்ட சொட்டுமருந்து, நரம்பு நலிவால் கண்ணின் கருவிழிப்படலத்தில் தோன்றும் நோய்க்கு ஏற்கப்பட்டது. கண்ணுக்குக் கிடைத்தது மூளைக்கும் கிடைக்கும் நாளுக்காக ஆய்வாளர் உழைக்கின்றனர்.

மாணவ நண்பர்களே! ஏழை நாட்டின் ஆய்வுக்கூடம், சேமிப்பில் வாங்கிய நுண்ணோக்கி, யாரும் படிக்காத மொழியில் ஓர் இதழ் – இவையே கஹாலின் முதலீடு. தாம் கண்டதைக் கண்டபடி வரைந்தார். காணாததைக் காணவில்லை என்று எழுதிவைத்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர முடிந்ததற்கு அந்நேர்மையே காரணம். நம் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளிலும் அந்த நேர்மை இடம்பெறுமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.