திருத்தலாம், மறைக்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள், ஆறு வயதுப் பேத்திக்கு நூலகத்திலிருந்து எடுத்து வந்த பழைய படக்கதை ஒன்றைப் படித்துக் காட்டினேன். உயிரியல் பூங்கா ஒன்றை நடத்தக் கனவு காணும் சிறுவனின் கதை அது. ஒரு பக்கத்தில், ஆசிய முகம் கொண்ட மூவர் தலையில் கூண்டு ஒன்றைச் சுமந்து வருகின்றனர். கூண்டின் மேல் துப்பாக்கியுடன் நிற்கிறான் சிறுவன். மூவரும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறார்கள், அவன் ஏன் இறங்கி நடக்கவில்லை என்று கேட்டாள் பேத்தி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

அந்த நூல், 1950-இல் வெளியான 'இஃப் ஐ ரன் தி ஸூ'. எழுதியவரும் வரைந்தவரும் டாக்டர் சூஸ். 2021 மார்ச் 2, அவரது பிறந்த நாளன்று, அவருடைய படைப்புகளின் உரிமையாளரான நிறுவனம், இந்நூல் உள்ளிட்ட ஆறு நூல்களை இனி வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. அவற்றிலுள்ள சித்திரிப்புகள் மனிதர்களைப் புண்படுத்துகின்றன என்பதே கூறப்பட்ட காரணம். இந்த முடிவு சரியா என்பதற்கான விடையை அவரது வாழ்க்கையிலேயே தேடலாம் என்று தோன்றுகிறது.

தியோடர் சூஸ் கைசல் 1904-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் மீது எழுந்த வெறுப்பு அந்தப் பள்ளிச் சிறுவனையும் விட்டுவைக்கவில்லை. சக மாணவர்களின் ஏளனத்துக்கு ஆளானார். பிறப்பின் காரணமாக இகழப்படுவதன் வலி என்னவென்று அறிந்தவர் அவர்.

டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்ற பின் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, படிப்பை முடிக்காமலேயே திரும்பினார். பூச்சிக்கொல்லி விளம்பரங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தார். மல்பெர்ரி தெருவில் ஒரு சிறுவன் காணும் கற்பனை ஊர்வலத்தைச் சொல்லும் அவரது முதல் சிறுவர் நூலை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. நியூயார்க் வீதியில் தற்செயலாக எதிர்ப்பட்ட கல்லூரி நண்பர் ஒருவரின் உதவியால் 1937-இல் அது வெளியானது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'பிஎம்' என்ற நியூயார்க் நாளிதழுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் வரைந்தார். யூத வெறுப்பையும் கருப்பின மக்களுக்கு எதிரான பாகுபாட்டையும் சாடிய அதே தூரிகை, ஜப்பானியர்களை இழிவாகச் சித்திரித்தது. 1942 பிப்ரவரியில், அமெரிக்க மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வெடிமருந்து வாங்க வரிசையில் நிற்பதாக ஒரு படம் வரைந்தார். ஒரே வாரத்துக்குள், அம்மக்களை வெளியேற்ற வழிவகுத்த ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஆணைக்கு அந்தப் படம் காரணமல்ல. ஆனால், அத்தகைய ஆணையை ஏற்கும் மனநிலையை வளர்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறுக்க இயலாது.

1953-இல் அவர் ஜப்பான் சென்றார். அங்குள்ள பள்ளிகளையும் குழந்தைகளையும் நேரில் கண்டார். மறு ஆண்டு வெளிவந்த 'ஹார்ட்டன் ஹியர்ஸ் எ ஹூ', கண்ணுக்குப் புலப்படாத சின்னஞ்சிறு உயிர்களின் குரலைக் கேட்டு அவற்றைக் காக்கப் போராடும் யானையின் கதை. அந்நூலைக் கியோட்டோவைச் சேர்ந்த பேராசிரியர் மிட்சுகி நாகமுராவுக்குக் காணிக்கையாக்கினார். அதை அவருடைய மன்னிப்புக் கோரலாகவே பலரும் வாசிக்கின்றனர். வயிற்றில் நட்சத்திரம் உண்டா இல்லையா என்பதை வைத்து உயர்வு தாழ்வு பேசும் பறவைகளின் கதையை 1961-இல் வெளியிட்டார்.

1978-இல் தம் முதல் நூலையும் திருத்தினார். அதில் வரும் சீனரைக் குறித்த இழிவான சொல்லை மாற்றினார். படத்திலிருந்த பின்னல் சடையையும் மஞ்சள் நிறத்தையும் நீக்கினார். ஆயினும் எல்லாவற்றையும் அவர் திருத்திவிடவில்லை. என் பேத்தியைக் கேள்வி கேட்க வைத்த அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு 1991-இல் மறைந்தார். திருத்தப்பட்ட முதல் நூலும் கைவிடப்பட்ட ஆறில் ஒன்றாகிவிட்டது.

தம் நூலைத் திருத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. அது அவருடைய வளர்ச்சியின் அடையாளம். அவர் மறைந்த பின் பிறர் திருத்தி, அவர் பெயரிலேயே விற்பது வேறு. 2023-இல் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் பதிப்பகம் செய்த மாற்றங்கள் எதிர்ப்பைக் கிளப்பியதும், பழைய வடிவமும் தொடர்ந்து கிடைக்கும் என்று அப்பதிப்பகம் அறிவிக்க நேர்ந்ததும் அதனால்தான்.

நூல்களை நிறுத்தியது தடை அல்ல, உரிமையாளரின் வணிக முடிவு என்று வாதிடுவோர் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால், பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஒரு வணிகர் அரிசி விற்பதை நிறுத்தினால் இன்னொருவர் விற்பார். பதிப்புரிமை உள்ள நூலுக்கு விற்பவர் ஒருவரே. அவர் நிறுத்தினால் வேறு எவரும் அச்சிட முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, 1937-இல் வெளியான அந்த முதல் நூல் 2033-ஆம் ஆண்டுதான் பொதுவுடைமையாகும். அறிவிப்பு வந்தவுடன் பழைய பிரதிகளின் விலை பன்மடங்கு உயர்ந்ததில் வியப்பில்லை. வசதி படைத்தவர் வாங்கிப் பூட்டி வைப்பார். ஆய்வு மாணவரும் ஆசிரியரும் தேடி அலைவர்.

அதற்காக, அந்தப் படங்கள் யாரையும் காயப்படுத்தாது என்று வாதிட மாட்டேன். தன்னைப் போன்ற முகத்தைச் சுமைதூக்கியாக மட்டுமே காணும் குழந்தையின் மனம் வாடும். விளக்கிச் சொல்ல ஆளில்லாத மழலையர் வகுப்பில் அந்நூல் இருக்க வேண்டியதில்லை. ஆனால், விளக்க முன்னுரையுடன், மூத்த மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான பதிப்பாக அது கிடைக்க வேண்டும். தாம் வெளியிட விரும்பாத உரிமையாளர், நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அவ்வாறு வெளியிட அனுமதிக்கலாம். அதில் அவருக்கு இழப்பேதும் இல்லை.

அன்று மாலை பேத்தியிடம் உண்மையைச் சொன்னேன். இதை வரைந்தவர் அந்த மக்களைச் சரியாக அறியாமல் வரைந்துவிட்டார். பிறகு அவர்கள் நாட்டுக்கே சென்று பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு கதை எழுதினார் என்றேன். மறுநாள் யானைக் கதையைப் படித்தோம். முதல் நூல் கையில் இல்லாதிருந்தால், இரண்டாவது நூல் ஏன் எழுதப்பட்டது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்?