வ.உ.சி.யும் கட்சியும்

கொள்கைக்காகக் கட்சியா, கட்சிக்காகக் கொள்கையா? தோழர்களே! ஆழ்வார்திருநகரி முதல் தூத்துக்குடி வரை வ.உ.சி.யை அறியாதார் இல்லை. கப்பலை அறிவோம், செக்கை அறிவோம். கட்சியோடு அவர் பட்ட பாட்டைத்தான் மேடைகள் அதிகம் பேசுவதில்லை.

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தபோது திலகர் பக்கம் நின்றார். மறு ஆண்டு கோரல் மில் வேலைநிறுத்தம். அன்று தொழிலாளிக்குச் சங்கம் ஏது? இந்த வக்கீலும் சுப்பிரமணிய சிவாவுமே சங்கமாக நின்றனர்! கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அவருக்குக் கிடைத்ததோ இரட்டை ஆயுள் தண்டனை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கம்பெனி கலைந்திருந்தது, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். கட்சி அவரைத் தாங்கவில்லை; மறைப்பானேன்?

1920-ல் காங்கிரசை விட்டு விலகினார். பதவி கிடைக்காமல் அல்ல. ஒத்துழையாமைத் திட்டம் அவருக்கு ஒவ்வவில்லை. வேறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே போனார். 1927-ல் திரும்பி வந்து சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின்னரும் முழுதாக ஒட்டவில்லை.

1936 நவம்பர் 18. இறுதி நேரத்தில் தம்மைத் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கேதான் கண் மூடினார்.