அபயனின் அரியணை

கீழைச் சாளுக்கிய வேந்தன் இராசராச நரேந்திரனுக்கும் கங்கைகொண்ட சோழனின் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்தவன் இராசேந்திரன். தந்தைவழி வந்த வேங்கி நாட்டைச் சிற்றப்பன் விசயாதித்தன் கவர்ந்துகொண்டான். அவ்வாறு உரிமை இழந்த இளவரசனே 1070இல் சோழ அரியணை ஏறி முதற் குலோத்துங்கன் ஆனான். பறிகொடுத்தவனே பறித்தவனும் ஆனானா?

முறைப்படி முடிசூடிய அதிராசேந்திரன் சில திங்களே ஆண்டு மறைந்தான். விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்து தன் மைத்துனனாகிய அவனை அரியணையில் அமர்த்திச் சென்றதையும், அவன் கலகத்தில் மடிய, வேங்கி வேந்தன் முடி கவர்ந்ததையும் பில்கணர் பாடுகிறார். கலிங்கத்துப்பரணியிலோ அதிராசேந்திரன் பெயரே இல்லை. அரசனின்றிச் சீர்குலைந்த நாட்டைக் காக்க வந்தவனாகவே அபயனைச் செயங்கொண்டார் காட்டுகிறார். இருவரும் அவைப்புலவர்களே, தத்தம் அரசரின் சோறுண்டவர்களே. எனினும் செயங்கொண்டாரின் மௌனம் ஐயத்தை மிகுவிக்கவே செய்கிறது.

அவன் சுங்கம் தவிர்த்தான். 1086இல் நிலம் அளந்தான். 1077இல் சீனத்துக்கு எழுபத்திருவர் கொண்ட தூதுக்குழு சென்றது. இவை யாவரும் அறிந்தவை. அவன் பெயரை மாசுபடுத்துவது இராமானுசர் வரலாறே. சிவனே பரம்பொருள் எனக் கையொப்பமிடச் சோழன் வற்புறுத்தினான் என்றும், கூரத்தாழ்வான் கண்ணிழந்தார், பெரிய நம்பி உயிர்நீத்தார், இராமானுசர் வெள்ளாடை பூண்டு மேல்நாடு சென்றார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அச்சோழனை அவை கிருமிகண்டன் என்றே சுட்டுகின்றன. அவன் யார் என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. 1090இல் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் கொடைகளை உறுதிசெய்தவன், மன்னார்குடியில் தன் பெயரால் விண்ணகரம் கண்டவன், கண் பறிக்கத் துணிந்திருப்பானா? இப்பழி அவனுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஆயினும் முறைவழி வாராத முடி, சமயத் தலைவர்களின் ஒப்புதலை நாடுவது உலகெங்கும் உள்ளதே. மிலான் ஆயர் அம்புரோசு, தெசலோனிக்கப் படுகொலைக்காகப் பேரரசன் தியோடோசியசையே 390இல் கழுவாய் தேட வைத்தார். இங்கோ ஆசாரியர் எல்லை கடக்க நேர்ந்தது.

அவருக்குப் புகலளித்தவன் எனப் போற்றப்படும் போசள விட்டுணுவர்த்தனனே 1116 அளவில் தலைக்காட்டைக் கைப்பற்றினான். படை நடத்தியவன் கங்கராசன் என்னும் சமணன். எதிர்நின்று தோற்ற சோழத் தலைவனின் பெயர் தகடூர் மண்ணுக்குப் புதியதன்று: அதியமான். அவ்வூரில் விட்டுணுவர்த்தனன் கீர்த்திநாராயணருக்குக் கோயில் எடுத்தான்.

கங்கபாடி கைவிட்டுப் போயிற்று. 1118இல் மகன் விக்கிரமன் வேங்கியினின்று சோழநாடு திரும்பவே, அந்நாடும் மேலைச் சாளுக்கியர் வசமாயிற்று. கொண்டவன், அன்று காஞ்சியில் மைத்துனனுக்கு முடிசூட்டிச் சென்ற அதே விக்கிரமாதித்தன். முதுமையுற்ற குலோத்துங்கன் 1122 அளவில் மறைந்தான்.